வீட்டை இழுத்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள்!

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போவது நம் வழக்கம். வீட்டையே வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவது அமெரிக்கர்களில் பலருக்கு வழக்கம்.

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் போதும். கணவன், மனைவி, பிள்ளைகள், நாய் எல்லாம் ஒரு 'பிக்கப்' வண்டியில் ஏறிக்கொள்வார்கள். பின்னால் ஒரு சிறிய வீடு உருண்டு வரும். 16 அடி முதல் 20 அடி நீளம். அதற்குள் படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. நம் ஊரில் ஒண்டுக்குடித்தனத்தில் வாடகை கொடுத்துக் காலம் தள்ளுகிறவர்கள் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள்!

பிக்கப் என்பது, நம் ஊர் 'குட்டி யானை' போல முன்னால் ஆட்கள், பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டிதான். உருவத்தில் மட்டும் இது பெரிய யானை. அதன் பின்பக்கச் சட்டத்தில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரும்பு உருண்டை ஒன்று இருக்கும். வீட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏர்க்கால் போன்ற தண்டு அந்த உருண்டையின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் இணைப்பு. ஒரு குடும்பத்தின் வீடு முழுவதும் அந்த உருண்டையை நம்பித்தான் வருகிறது.

சமவெளியில் இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மலையில்தான் விஷயமே இருக்கிறது.

நூறு ஆண்டுப் பழக்கம்

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்தது அல்ல. 1919-ல் புளோரிடா மாநிலத்தில் தம்பா நகரில் இப்படி ஊர் சுற்றுகிறவர்கள் ஒன்று கூடி ஒரு சங்கமே அமைத்தார்கள். அதன் பெயர் 'தகர டப்பா யாத்திரிகர்கள்'! 1936-ல் வாலி பையம் என்பவர் 'ஏர்ஸ்ட்ரீம்' என்ற பெயரில், ஆகாய விமானத்தின் உடல்போல அலுமினியத் தகட்டால் ஆன 'கிளிப்பர்' என்ற வீட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வெள்ளிக் கொழுக்கட்டை போன்ற அந்த உருவம் இன்றும் மாறவில்லை. 1969-ல் சந்திரனுக்குப் போய்த் திரும்பிய மூன்று விண்வெளி வீரர்களையும், அங்கிருந்து நோய்க் கிருமி ஏதும் கொண்டுவந்திருப்பார்களோ என்ற பயத்தில், மாற்றி அமைத்த ஓர் ஏர்ஸ்ட்ரீம் வீட்டுக்குள்தான் அடைத்து வைத்தார்கள். ஜனாதிபதி நிக்சன் அதன் கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் அவர்களோடு பேசினார்.

எல்லாமே உல்லாசப் பயணம் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாவது உலகப்போர்க் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்த ஏராளமான தொழிலாளர் குடும்பங்கள் வீடு கிடைக்காமல் இந்த டிரெய்லர்களில்தான் குடியிருந்தன. இன்றைக்கும் பென்ஷன் போதாத முதியவர்கள் பலர், வாடகை கொடுக்க முடியாமல் வேன்களிலும் டிரெய்லர்களிலும் வாழ்ந்துகொண்டு, வேலை கிடைக்கும் ஊருக்கெல்லாம் ஓட்டிப் போகிறார்கள். அவர்கள் கதையைச் சொன்ன 'நோமட்லேண்ட்' படம் 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அந்த வாழ்க்கை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

தொட்டபெட்டாவுக்கும் மேலே

அமெரிக்காவின் மேற்கில் வடக்கு தெற்காக நீண்டு கிடப்பது ராக்கி மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் உள்ள டென்வர் நகரமே கடல் மட்டத்துக்கு 5,280 அடி, அதாவது சரியாக ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 70-ம் எண் நெடுஞ்சாலை மேற்கே மலைக்குள் நுழைகிறது. சுமார் 60 மைல் தொலைவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வருகிறது. மேற்கே போகும் குகை 1973-லும், கிழக்கே வரும் குகை 1979-லும் திறக்கப்பட்டன. நீளம் ஒன்றே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவு. அதன் மேற்கு வாயிலின் உயரம் 11,158 அடி!

நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே ஏறக்குறைய 8,650 அடிதான். அதற்கும் 2,500 அடி மேலே, நான்கு வழிச் சாலையில், வீட்டை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

அங்கே காற்று மெலிந்திருக்கும். மனிதனுக்கு மூச்சு வாங்குவதுபோல எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் எஞ்சின், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் தன் சக்தியில் சுமார் 3 சதவீதத்தை இழக்கிறது. கடற்கரையில் 300 குதிரைச் சக்தி காட்டிய வண்டி, சுரங்க வாயிலில் 200-தான் காட்டும். அதே இடத்தில்தான் ஏற்றமும் கடுமை: நூறு அடிக்கு ஏழு அடி. டர்போ பொருத்திய எஞ்சினுக்கு இந்த இழப்பு குறைவு என்பதால் அங்கே அதற்கு மவுசு.

ஏற்றத்தில் தெரிந்தவர்கள் அவசரப்படுவதில்லை. கீழ் கியருக்கு மாற்றி, வலது ஓரப் பாதையில், விளக்குகளை மினுக்கிக்கொண்டு, லாரிகளின் பின்னாலேயே ஊர்ந்து போவார்கள். (அங்கே மெதுவாகப் போகிறவர்களின் பாதை வலது பக்கம்.) ரேடியேட்டர் சூடேறினால் குளிர்சாதனத்தை நிறுத்துவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஓரம் கட்டுவார்கள். ஏற்றத்தில் வரும் கெடுதல் பெரும்பாலும் இவ்வளவுதான். நேரம் போகும், எரிபொருள் போகும். உயிர் போவது இறக்கத்தில்.

குமாஸ்தாவின் கணக்கு

புறப்படுவதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். விளம்பரத்தில் "இந்த வண்டி 3,400 கிலோ இழுக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நம்மவர்களில் பேரேடு எழுதிப் பழகியவர்கள் அதைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். உண்மைக் கணக்கு டிரைவர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டில் இருக்கிறது. அது, வண்டி தன் முதுகில் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது.

ஒரு வண்டியின் சீட்டில் 650 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் வீடு 2,000 கிலோ. விளம்பரப்படி பார்த்தால் ஏகப்பட்ட மிச்சம்! இப்போது கூட்டிப் பாருங்கள். குடும்பத்தில் நால்வர் 280 கிலோ. தொட்டியில் ஏற்றிய சாமான் 100 கிலோ. வீட்டின் முன்தண்டு உருண்டையின் மேல் அழுத்தும் பாரம் 240 கிலோ. கொக்கிச் சாமான்களின் எடை 40 கிலோ. மொத்தம் 660. ஆக, 3,400 கிலோ இழுக்கும் வண்டி, 2,000 கிலோ வீட்டுக்கே பத்து கிலோ அதிகம் சுமக்கிறது. நாய் எங்கே உட்காரும் என்பது தனிக் கேள்வி.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் கணக்கு மறுபடி மாறும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள எடை மேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு, வீட்டின் அச்சு என்று தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

முன்பாரம், பின்பாரம்

உருண்டையின் மேல் 240 கிலோ எதற்கு, குறைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். குறைக்கக் கூடாது. வீட்டின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் முன்தண்டில் இறங்கியே ஆக வேண்டும்.

இதை அமெரிக்கர்களுக்குப் படம் போட்டு விளக்குகிறார்கள். நம் ஊரில் மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பின்பாரம் ஆனால் ஏர்க்கால் மேலே தூக்கும். மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். அளவோடு முன்பாரம் இருந்தால்தான் வண்டி சீராகப் போகும். இங்கே மாட்டுக்குப் பதில் பிக்கப். வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டர். அதுதான் வித்தியாசம்.

பின்பாரமான வீடு அந்த வேகத்தில் நாய் வால் ஆட்டுவதுபோல ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். கடைசியில் வால்தான் நாயை ஆட்டும்! பக்கக் காற்றும், முந்திச் செல்லும் பெரிய லாரி கிளப்பும் காற்றும் இதைத் தூண்டிவிடும். பயந்துபோய்க் காலால் பிரேக்கை ஓங்கி மிதிப்பவர்கள் பெரும்பாலும் கவிழ்கிறார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை ஆடாமல் பிடித்து, வீட்டின் சக்கரங்களுக்கு மட்டும் உள்ள பிரேக்கைக் கையால் மெல்ல அழுத்த வேண்டும். பின்னால் பிடித்து இழுத்தால் ஆட்டம் நேராகிவிடும்.

அந்தக் கைப்பிடி டிரைவர் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டின் சக்கர டிரம்முக்குள் மின்காந்தம் வைத்த பிரேக் உண்டு. 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோவுக்கு மேல் எடையுள்ள டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இருக்க வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டம். உருண்டையிலிருந்து வீடு கழன்றுவிட்டால்? தண்டின் அடியில் இரண்டு சங்கிலிகள் பெருக்கல் குறிபோலக் குறுக்காக மாட்டியிருக்கும். தண்டு தரையில் குத்தாமல் அவை ஏந்திக்கொள்ளும். அதுவும் அறுந்தால், ஒரு கம்பி ஊசியைப் பிடுங்கும். வீட்டில் உள்ள பாட்டரி தானாகவே பிரேக்கைப் போட்டுவிடும். இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஜோடியை ஓட்டுவதற்குப் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் கார் லைசென்சே போதும் என்பதுதான் வேடிக்கை. நேற்றுவரை ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், ரிடையர் ஆன மறுநாள் இதை எடுத்துக்கொண்டு பதினோராயிரம் அடிக்குப் போகலாம்!

ஏழரை யூனிட் சூடு

சுரங்கத்தின் மேற்கு வாயிலைத் தாண்டியதும் சாலை கீழே விழுகிறது. சில்வர்தார்ன் என்ற ஊர் வரை 2,000 அடிக்கும் மேல் இறக்கம்.

பிக்கப்பும் வீடும் சேர்ந்து 4,500 கிலோ என்று கொள்வோம். 2,000 அடி இறங்கும்போது அந்த எடை வெளியிடும் சக்தி, மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய ஏழரை யூனிட். 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. கல்யாண வீட்டு அண்டா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றும் டயரும் ஒரு பங்கைத் தின்னும். மீதி எங்கே போவது? டிரைவர் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால், அத்தனையும் உள்ளங்கை அகலப் பிரேக் கட்டைகளுக்குள்தான் போக வேண்டும். அதுவும் சில நிமிடங்களில்.

அப்போது நடப்பது இதுதான். முதலில் கருகல் வாசனை வரும். கட்டைகள் பிடிப்பை இழக்கும். டிரம் சூட்டில் விரியும். கட்டை அதை எட்டாது. பிறகு பிரேக் ஆயில் கொதிக்கும். சாதாரண ரகப் புது ஆயில் 205 டிகிரி வரை தாங்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழி உண்டாகிறது. ஆவியை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அதனால் டிரைவர் மிதித்தால் பெடல் தரைவரை போகும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. "பிரேக் பிடிக்கவில்லை" என்று விபத்துச் செய்திகளில் நாம் படிக்கும் நாலு வார்த்தைக்குப் பின்னால் இருப்பது இந்தச் சமாசாரம்தான்.

இதற்கு மருந்து பிரேக் அல்ல, கியர். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் அல்லது அதற்கும் கீழே என்பது பழைய டிரைவர்களின் கணக்கு. அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். சூடு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே போகும். அதையும் மீறி வேகம் ஏறினால், பிரேக்கைச் சில விநாடி உறுதியாக மிதித்து, ஐந்து மைல் வேகம் குறைத்து, உடனே காலை எடுத்துவிட வேண்டும். இடையில் பிரேக் ஆறிக்கொள்ளும். மெல்ல மெல்லத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வருவது ஜாக்கிரதைபோலத் தோன்றும். அதுதான் பிரேக்கைச் சுட்டுத் தீர்ப்பது.

கியரும் போய், பிரேக்கும் போனால் கடைசிப் புகலிடம் ஒன்று வைத்திருக்கிறார்கள். சாலையிலிருந்து பிரிந்து மேட்டில் ஏறும் கிளைப்பாதை. முழுவதும் ஆழமாகக் கூழாங்கல் கொட்டியிருக்கும். வண்டி அதில் புதைந்து நின்றுவிடும். சுரங்கத்துக்கு மேற்கே உள்ள அந்த இறக்கத்தில் மட்டும் இப்படி இரண்டு.

110 ஆண்டு தண்டனை

இதே 70-ம் எண் சாலை கிழக்கே டென்வரை நோக்கி இறங்கும் இடத்தில், தூரத்தில் நகரம் தெரியத் தொடங்கும். மலை முடிந்துவிட்டது என்று நினைத்து டிரைவர்கள் மேல் கியருக்குப் போய்விடுவார்கள். அதனால் அங்கே, லாரிக்காரர்களே ஏமாறாதீர்கள், செங்குத்து இறக்கம் இன்னும் நாலு மைல் இருக்கிறது என்ற பொருளில் பலகை வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, இன்னும் நீங்கள் கீழே வந்து சேரவில்லை என்று மற்றொரு பலகை.

2019 ஏப்ரல் 25 அன்று, மரம் ஏற்றிய லாரி ஒன்று அந்த இறக்கத்தில் பிரேக் இழந்து வந்தது. கூழாங்கல் பாதையையும் தாண்டி வந்து, லேக்வுட் என்ற இடத்தில் நெரிசலில் நின்றிருந்த வாகனங்களின் மேல் பாய்ந்தது. தீப்பிடித்தது. நான்கு பேர் இறந்தார்கள்.

லாரியை ஓட்டியவர் 23 வயது வாலிபர். கியூபாவிலிருந்து பிழைக்க வந்தவர். குடிக்கவில்லை, வேண்டுமென்றும் செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு குற்றத்துக்கும் உரிய தண்டனையை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்ற சட்டத்தின்படி, 2021 டிசம்பரில் அவருக்கு 110 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. தமக்கு விருப்பம் இருந்தால் இவ்வளவு விதித்திருக்க மாட்டேன் என்று நீதிபதியே சொன்னார். நாடெங்கும் ஐம்பது லட்சம் பேர் அளவில் மனுவில் கையெழுத்திட்டார்கள். அந்த மாத இறுதியிலேயே கவர்னர் ஜாரெட் போலிஸ் தண்டனையைப் பத்து ஆண்டாகக் குறைத்தார்.

தண்டனை அதிகமா குறைவா என்று அங்கே பெரிய வாக்குவாதம் நடந்தது. இறந்த நால்வரின் குடும்பங்களுக்கு அந்த வாக்குவாதத்தில் எந்தப் பக்கம் ஆறுதல் இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

நம் தொப்பூர்

பெங்களூரிலிருந்து தர்மபுரி வழியாகச் சேலம் போகும் நம்மவர்களுக்கு இதைப் படிக்கும்போது தொப்பூர் கணவாய் நினைவுக்கு வரும். அங்கே உயரம் அவ்வளவு இல்லை, பனியும் இல்லை. ஆனால் வடக்கேயிருந்து பாரம் ஏற்றிவரும் லாரிகள் நெடுந்தூரம் சமமான சாலையில் வந்து திடீரென்று சரிவில் இறங்குகின்றன. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறக்கும் கெட்ட பழக்கம் சிலரிடம் உண்டு. அண்டாத் தண்ணீர்க் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும். எடை மட்டும் 30, 40 டன். 2024 ஜனவரியில் தொப்பூர் இரட்டைப் பாலத்தில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்ததில் நான்கு பேர் இறந்தார்கள். இரவு பஸ்ஸில் அந்த இடத்தைத் தூங்கிக்கொண்டே கடந்துபோகிறோம்.

இழுத்துச் செல்லும் வீடு நம் நாட்டில் இன்னும் அபூர்வம்தான். கேரளமும் மகாராஷ்டிரமும் 2021-ல் காரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்தன. இங்கே ஓடுபவை பெரும்பாலும் எஞ்சினும் வீடும் ஒன்றாக அமைந்த வண்டிகள். நம் மலைப்பாதைகளின் கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரைத் திருப்புவது லேசான காரியம் அல்ல. பின்சக்கரம் எப்போதும் வளைவின் உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் வீடு இடது பக்கம் போகும்.

சரி, ராக்கி மலையில் ஒருவழியாக வீடு முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டது. உருண்டையிலிருந்து கழற்றுவதற்கு முன் சக்கரத்துக்கு அடை கொடுக்க வேண்டும். நம் ஊர் கிளீனர் பையன் ஓடிப்போய்க் கல் எடுத்து வைப்பான். அங்கே மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஆப்பு செய்து காசுக்கு விற்கிறார்கள். பிறகு அடுப்பு மூட்டலாம். ஆனால் பத்தாயிரம் அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு விறைப்பாகவே நிற்கும். அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இப்படிப் புறப்பட்டால், சாமான் எடையில் பிரஷர் குக்கருக்கும் இரண்டு மூன்று கிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.